தொடர்ச்சியாக

முப்பத்திரண்டு வருஷம் பரமக்குடியில்
அடுத்தவர் பத்திரங்களைப் பதிவு செய்தவள் நான்.
இங்கே சேரக் கொடுத்த இருபத்தாறு பக்கத்தையும்
மண்டபம் வருவதற்குள் ரயிலிலேயே படித்து முடித்தேன்.
வாசலில் மாலை போட்டார்கள்.
ஏழாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை என்றேன்.

மூன்று கட்டடங்கள்.
முதலாவதில் நாமே சமைக்கலாம், கதவைப் பூட்டிக்கொள்ளலாம்.
இரண்டாவதில் மாத்திரையை யாரோ எண்ணித் தருவார்கள்.
மூன்றாவதில் கட்டிலுக்குக் கம்பி உண்டு.
ஒன்றிலிருந்து மூன்றுக்கு நூற்றுப்பத்து அடி
சிமெண்ட் பாதை, ஓரத்தில் நித்தியகல்யாணி.

புதன்தோறும் எடை, வெள்ளிதோறும் பிரஷர்.
உப்பில்லாச் சாம்பாரை உப்புக்காற்றில் வைத்து உண்கிறோம்.
லிஃப்டின் பொத்தான்களை எலக்ட்ரீசியன் நம்புராஜன்
மாதாமாதம் மாற்றுகிறான்,
கடல் மாதாமாதம் தின்கிறது.

எதிர்வீடு ஏழாம் எண், மிராண்டா.
கப்பல்களில் எஞ்சின் பார்த்தவர்.
காலை ஐந்தரைக்கு என் கதவில் இரண்டு தட்டு.
உயிரோடிருந்தால் நான் ஒரு தட்டு திருப்பித் தரவேண்டும்.
சேவைப் பட்டியலில் இல்லாத சேவை,
கட்டணமும் இல்லை.

வாடை தொடங்கி, வடக்குக்கரைப் படகுகளெல்லாம்
தெற்கே இடம் மாறிய வாரம்
தட்டு வரவில்லை.
ஐந்து நாற்பதுக்கு நான் போய்த் தட்டினேன்.
குளியலறையில் கிடந்தார்.
ஆபத்துக்கு இழுக்கவேண்டிய சிவப்புக் கயிற்றைத்
தலையில் இடிக்கிறதென்று
சுருட்டி மேலே கட்டியிருந்தார்.

மூன்றாம் கட்டடத்துக்குப் போனார்.

பிரிவு பதினான்கு, உட்பிரிவு இ:
தொடர்ச்சியாகத் தொண்ணூறு நாள் தங்காதவரின் இல்லம்
நிர்வாகத்தைச் சேரும்.
நாள்காட்டியில் எண்ணத் தொடங்கினேன்.
எழுபதில் ஒரு தம்பதி ஏழாம் எண்ணைப் பார்க்க வந்தார்கள்.
அந்தம்மா முழம் போட்டு ஜன்னலை அளந்தாள், திரைச்சீலைக்கு.

எண்பத்தாறில் மேலாளர் அறைக்குப் போய்
அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தேன்.
தொடர்ச்சியாக.
ஓர் இரவு அங்கே படுத்தால் போதும் சார்,
எண்ணிக்கை உடைந்துவிடும்.
அவர் வக்கீலுக்கு ஃபோன் போட்டார்.
வக்கீல் சிரித்ததாகக் கேள்வி.

எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம்
நம்புசெல்வி நாற்காலியைத் தள்ளினாள்.
சிறுநீர்ப் பையை நான் ஏந்தி வந்தேன்,
நிச்சயதார்த்தத் தட்டு மாதிரி, கவனமாக.
நூற்றுப்பத்து அடிக்கு இருபது நிமிஷம்.
பாதி வழியில் நிறுத்தச் சொன்னார்.
"படகெல்லாம் எந்தக் கரையில நிக்குது?"
"தெக்கதான்."
"அப்ப ஆண்கடல் இன்னும் அடங்கித்தான் கெடக்கு."
அவ்வளவுதான் பேசினார்.

படுக்கவைத்தோம்.
அவருடைய தலையணையில் மூன்று மாதத்துப் பூஞ்சை வாசம்.
நம்புசெல்வி தரையில் பாய் விரித்தாள்,
இரவுப்படி இல்லை என்று தெரிந்தே.
நான் என் வீட்டுக்கு வந்து
விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

ஐந்தரை.
இரண்டு தட்டு.
பதிலுக்கு ஒன்று தட்டிவிட்டுத்தான் திறந்தேன்.
நம்புசெல்வி நின்றாள்.
"தட்டச் சொன்னாங்கம்மா."

உள்ளே போனேன். அவர் என்னைப் பார்க்காமல்
மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துச் சொன்னார்:
"அங்கேயே கொண்டு விட்ருங்க.
அங்க ஃபேன் சத்தம் போடாது.
கட்டில் தானா நிமிருது.
இந்த வீட்டை அந்தம்மாவுக்கே குடுக்கச் சொல்லுங்க,
துணி தைக்கக் கொடுத்திருப்பா பாவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு
ஒரு காபி போட்டு, சர்க்கரை தூக்கலாக,
விதிக்கு மாறாக, அவருக்கே கொடுத்தேன்.

எட்டு மணிக்கு நாற்காலி திரும்பிப் போனது.
பையை நம்புசெல்வியே மாட்டிக்கொண்டாள்.

நாள்காட்டியில் மறுபடி ஒன்று என்று எழுதினேன்.
அவர் சொன்னதை மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.
சொல்லியாக வேண்டும் என்று
இருபத்தாறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.