மைக் இல்லாதது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்றாவது சந்து.
படி முழுக்க அட்டைப் பெட்டிகள்,
ஒருக்களித்துத்தான் ஏற முடிந்தது.
மேலே கண்ணாடிக் கதவு, ஏசி.
"இது கீழ விக்கிற ஐட்டம் இல்லீங்க மேடம்"
என்று வரவேற்றான் இத்ரீஸ்,
என் செருப்பைப் பார்த்தபடி.

முதலில் திறந்த வகையை எடுத்து வைத்தான்.
முதுகில் வலை போட்டது.
காற்று போய்வரும், சத்தம் விரியும்,
சபாவில் நடுவரிசை கிடைத்த மாதிரி என்றான்.
பொய்யில்லை.
வயலின் கடைச் சுவரைத் தாண்டிப் போய் நின்றது.
கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டு
இரண்டடி தள்ளி நின்றேன்.
பாட்டு எனக்கும் கேட்டது.

என் வீடே அப்படித்தான் தம்பி,
கொரட்டூரில் ஒற்றை ஹால்.
நான் அப்பளம் பொரிப்பது மூன்றாம் மாடிக்குத் தெரியும்.
அவர்கள் சீரியலில் யார் யாரை அறைந்தார்கள் என்று
பார்க்காமலே எனக்குத் தெரியும்.
மூடினது காட்டு.

நான்கு வந்தன.
மரக் கிண்ணம் வைத்த ஒன்றில்
தவில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல் மந்தமாக இருந்தது.
ஒன்றில் பாடகரின் மூக்கு மட்டும் முன்னால் வந்தது.
மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது,
கம்மலைக் காதுக்குள் குத்தியது.
"கழட்டி வெச்சுட்டுக் கேளுங்களேன்."
திருகாணி இறுகிப் பதினொரு வருஷம், தம்பி.

நாலாவது கறுப்பு, தோல் மெத்தை,
பார்க்க ஒன்றுமில்லை.
மாட்டியதும் ஏசி நின்றுபோனது.
தெருவில் ஆட்டோ, பேரம், சால்டரிங்:
புகை மட்டும் மிச்சம்.
இத்ரீஸின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

நாள்தோறும் ஒன்பது மணி நேரம்
என் தலையில் இருப்பது வேறு.
அம்பத்தூர் எஸ்டேட், நாற்பத்தேழாம் இருக்கை.
பஞ்சு பிய்ந்த ஒற்றைக் காது,
வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் குச்சி.
கார்டைத் தொலைத்தவர், கடன் கிடைக்காதவர்,
எடுத்த எடுப்பிலேயே என் அம்மாவை இழுப்பவர்.
எல்லோருக்கும் "புரிகிறது சார்."
ஆறு நொடி நான் பேசாதிருந்தால்
திரையில் மஞ்சள் விளக்கு எரியும்.

"ஒண்ணு சொல்லிடறேன் மேடம்,
இதுல மைக் கிடையாது. கால் பேச முடியாது."
அதற்குப் பிறகுதான் விலையையே கேட்டேன்.
நாற்பத்தோராயிரம்.
முப்பத்தொன்பதுக்கு இறங்கினான்.
வீட்டில் நாலாயிரம் என்றேன்.
"நாலாயிரமா!" என்ற தயாநிதி
அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

விடியற்காலை நாலரை.
மே மாதம், கரண்ட் போன புழுக்கம்.
காதிரண்டும் இட்லியாக வெந்தன.
வியர்வை கழுத்துக்கு இறங்க இறங்க
எந்த ஊரிலோ பதிவான நாகஸ்வரக் கச்சேரி.
தெருவுக்கென்று செய்த வாத்தியத்தை
இரண்டு கைப்பிடி இருட்டுக்குள் வைத்து
முழுச் சத்தத்தில்.
பக்கத்தில் தயாநிதியின் குறட்டை
வெறும் படமாக ஓடியது.

தோடி மூச்செடுக்க நின்ற இடத்தில்
யாரோ இருமினார்.
நாற்காலி இழுபட்டது.
"கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன்"
எரிச்சலான ஒரு குரல்,
என் வலக்காதுக்குச் சற்றுப் பின்னால்.
என் உதடு தானாகத் திறந்துவிட்டது,
சிரமத்துக்கு வரு...

மூடிக்கொண்டேன்.
அவர் திரும்பவும் சொன்னார்.
நான் திரும்பவும் சும்மா இருந்தேன்.
என்ன சுகம்.
பின்னோக்கித் தள்ளி
அவரை மூன்று தடவை கோபப்பட வைத்தேன்.

கழற்றியபோது ஐந்தரை.
கீழே தண்ணி லாரி வந்து, ஹாரன் அடித்து,
பங்கஜவல்லி என் பெயரை நாலு தடவை கூவி,
எல்லாம் முடிந்து போயிருந்தது.
என் குடங்கள் மட்டும் வரிசை கலையாமல்
வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"காது செவிடா உனக்கு?"
படியில் மறித்துக் கேட்டாள்.
அவளையே பார்த்தேன் ஆறு நொடி.
ஏழு.
எட்டு.