இரண்டு விரற்கடை

பாகம் பிரித்தபோது
சக்கரம் வைத்ததெல்லாம் டேரலுக்குப் போனது.
டிரக், படகு இழுக்கும் வண்டி,
உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்புப் புல்வெட்டி.
சக்கரம் இல்லாதவை எனக்கு:
வீடு, அதன் கடன், கடலைப் பார்த்து இறங்கும் சரிவு,
கொட்டகை ஆணியில் தொங்கிய டிரிம்மர்.

மூன்று வாரம் லூனன்பர்க்கில் மழை விடவில்லை.
விட்ட ஞாயிற்றுக்கிழமை
புல் முழங்காலைத் தாண்டியிருந்தது.
எதிர்வீட்டு ஃபெர்ன் ஸ்விக்கர்
திரைச்சீலையை விலக்கினாள், மூடினாள், விலக்கினாள்.

இது ஓரம் நறுக்க, வேலிக்கால் சுற்ற,
அரை ஏக்கருக்கு ஆகாது என்றான் கடைப்பையன்.
நகவெட்டியால் முடி வெட்டுவது மாதிரியாம்.
நரம்பு இரண்டு சுருள் கொடு என்றேன்.

ஐந்து இழுப்புக்கு இருமியது.
ஆறாவதற்கு ஒரு வசவு.
ஏழாவதில் பிடித்துக்கொண்டது.

புல்வெட்டி புல்லின்மேல் போகும்.
ஏறி உட்கார்ந்தவனுக்குத்
தரையில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை.
இதுவோ உள்ளே நுழைந்து
ஒவ்வொரு கல்லையும் கேட்டுக் கேட்டுப் போகிறது.
வலமிருந்து இடம், இடமிருந்து வலம்,
அரைவட்டம் அரைவட்டமாக.
நரம்பு தேய்ந்தால் தலையைத் தரையில் ஒரு குட்டு,
இரண்டு அங்குலம் நீட்டிக் கொடுக்கும்.
துணிக்கவ்விகள் கிடைத்தன, ஒரு ஹாக்கி வட்டு,
போன குளிர்காலத்தில் நாங்கள் சண்டைபோட்டுத் தேடிய
கொட்டகைச் சாவி.
நாய் போட்டதையும் அது விட்டுவைக்கவில்லை,
முழங்கால்வரை அப்பியது.
எனக்கு நாய் இல்லை.
ஃபெர்ன் திரைச்சீலையை மூடினாள்.

ஆப்பிள் மரத்தடிக்கு வந்தபோது
நான் அங்கே இல்லை.
வக்கீலின் அறையில் இருந்தேன்,
அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சக்கரம்தான் கணக்கென்றால் என்று ஆரம்பித்து
மரத்தைச் சுற்றி வந்தேன்,
வாக்கியம் முடியவில்லை, இன்னும் கொஞ்சம் சுற்றினேன்.
கண்ணாடியில் பச்சைக்குப் பதில்
பழுப்பு தெறிப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது நரம்பு தீர்ந்தது.
குட்டினேன். மறுபடி குட்டினேன்.
சனியன் பிடித்த பொருள் என்று கத்திவிட்டு
அணைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன்.
அடிமரத்தில் ஈரமாக, வெள்ளையாக
ஒரு வளையம்.
மண்டியிட்டு விரல் வைத்து அளந்தேன்.
கடல் பக்கம் மட்டும் பட்டை அறாமல்
இரண்டு விரற்கடை.

அன்று ராத்திரி தேநீர் கோப்பைக்குள் நிற்கவில்லை.
எந்திரம் ஓய்ந்து நாலு மணிநேரம்,
கை ஓயவில்லை.

இறால் கூண்டுகளை எடுக்க வந்த டேரல்
சரிவைப் பார்த்தான்.
தன் முடியைத் தானே வெட்டிக்கொண்ட பிள்ளைமாதிரி
நின்றது அது,
இங்கே ஒட்ட, அங்கே குச்சம்.
எதால் வெட்டினாய்?
சொன்னேன்.
சிரிக்கப் போனவன் மரத்தைப் பார்த்துவிட்டான்.
குனிந்து தொட்டான்.
செத்துப்போகும், அர்லீன், என்றான்
மெதுவாக, குத்தலில்லாமல்.
அது எனக்கு இன்னும் கோபம்.

மே கடைசியில்
மலைப் பக்கத்துக் கிளைகள் விறகாக நின்றன.
கடல் பக்கம் மூன்று கிளை பூத்தது.
பாதிதான் சரி என்று
அவனுக்குச் செய்தி எழுதினேன், அனுப்பவில்லை.

புல்வெட்டி வாங்கவில்லை.
பணம் இருந்தது, ஒருமுறை கடைவரை போனேன்,
நரம்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
இப்போது அரைவட்டம் எனக்குக் கைவந்திருக்கிறது,
குச்சம் குறைவு.
மரத்துக்கு இரண்டு முழம் முன்னால் அணைத்துவிட்டு
மீதியைக் கையால் பிடுங்குகிறேன்.
ஃபெர்னின் நாய் வந்து
பக்கத்தில் குந்துகிறது.
போ அந்தப் பக்கம் என்றால்
போவதில்லை.