மூன்றாம் மாடி

மொந்தெவிதேயோவில் லிஃப்ட் இல்லாத கட்டடம்.
அதுவே முதல் சல்லடை என்கிறாள் நெலிதா.
மூச்சு வாங்க ஏறி வருபவரிடம்
ஒரு கேள்வியாவது இருக்கும்.

லாட்டரி எண் கேட்பவர் வேண்டாம்.
"அவன் திரும்பி வருவானா?"
வாரம் தவறாமல் வருகிறாள் ஒருத்தி;
வாடகையில் பாதி அவள்தான்.
அவள் பெயரை அடித்தாள்,
பிறகு
பென்சிலால் மறுபடி எழுதினாள்.

நேற்று வந்தார்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய வால்தெமார்.
பிறந்த நேரம் தெரியாது.
"வேலையை விட்டாயிற்று, கடிதமும் கொடுத்தாயிற்று.
சனி என்ன சொல்கிறான் என்று
சும்மா கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன்."

சக்கரம் வரையவில்லை. மாத்தே ஊற்றிக் கொடுத்தாள்.
அவர் போனதும்
'எப்படிப்பட்டவர் வேண்டும்' என்ற பக்கத்தில்
ஒரே வரி:
படியிறங்கும்போது
கைப்பிடியைத் தேடாதவர்.