குறிப்பு நிரல்

பதிவுக் கொப்பியில் ஐந்து நிரல்கள்:
திகதி, எடுத்த இடம், நிறம், காயம், குறிப்பு.
கடைசி நிரல்தான் ஆக ஒடுக்கம்.
அடிமட்டம் கிடைக்காமல்
ஊசிமருந்துப் பெட்டியின் விளிம்பை வைத்து
அனிஸ்டஸ் இழுத்த கோடு,
போகப்போகச் சரிந்திருக்கிறது.

திராய்மடுவில் இந்த மணல் காணிக்கு
ஐந்தரைக்கே வந்து தவநேசம் அடுப்பு மூட்டுவாள்.
குறுணல் அரிசி, கீரிமீன் தலை, கொஞ்சம் மஞ்சள்,
முப்பத்தெட்டு வயிறு.
உப்பில்லாச் சோறு கிண்டிக் கிண்டி
வீட்டிலும் கை மறந்துபோகிறதாம்.
ஒரு வாய் வைத்துவிட்டுப் புருசன் கேட்பானாம்:
"இது ஆருக்குக் காய்ச்சினது?"
சொல்லிச் சிரிக்கையில்
முன்கையில் பழைய பல்லுத் தடம் நாலும் நெளியும்.

இறைச்சிக்கடை அன்வர்தீன் நாய் தொடமாட்டார்.
ஈரல் துண்டுப் பையைப் படலையில் கொழுவிவிட்டு
இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார்.
போகுமுன் தூர நின்றே ஒரு விசாரிப்பு,
மூன்று கால் வெள்ளையைப் பற்றி மட்டும்:
"அவன் எழும்பிட்டானா கா?"

நான் கணக்கெழுத வந்தவள்.
மூன்றாம் நாளே கூடு கழுவினேன்.
கல்லடி பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்
தானாக வெறுமையாகும்.
சன நெரிசலில் அது ஒரு வசதி.

மாசி பதினொன்று.
ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.
"கட்டாக்காலி. ரோட்டில நிண்டது."
கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்த வட்டம்.
இரு என்றதும் இருந்தது.
அவர் பேசி முடிக்கும்வரை
அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்திருந்தது.

அனிஸ்டஸ் என்னைப் பார்த்தார்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.
இங்கே ஒன்றும் கேட்பதில்லை.
கேட்டால் அடுத்த ஆள் படலைக்கு வராது,
சாக்கோடு வாவிக்கரைக்குப் போகும்.

எடுத்த இடம்: ரோட்டு.
அந்தப் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.
நிறம்: செம்மண்.
காயம்: இல்லை.
அனிஸ்டஸ் இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

பின்னேரம் நாலு பத்து.
ரோட்டால் எத்தனையோ வண்டி போகும்.
சைலன்சர் ஓட்டையாகி இருமுகிற ஒன்றுக்கு மட்டும்
செம்மண் சோற்றை விட்டு எழும்பும்,
கம்பி வலைக்கு மூக்கைக் கொடுக்கும்.
சத்தம் தன்னாமுனைப் பக்கம் தேய்ந்து
எங்களுக்குக் கேளாமல் போன பிறகும்
அதன் காது கேட்டுக்கொண்டிருக்கும்.

அனிஸ்டஸ் அந்த நேரத்துக்கென்று
தண்ணி மோட்டரைப் போட்டுப் பார்த்தார்.
தொட்டி நிரம்பி வழிந்து
வாழையடியெல்லாம் சேறானதுதான் மிச்சம்.
தவநேசம் சோற்று நேரத்தை நாலரையாக்கினாள்.
ஏனென்று ஆரும் கேட்கவில்லை.
இரண்டு குடும்பம் வந்து செம்மண்ணைக் கேட்டது.
நல்ல சனம்தான்.
கயிறு பிடித்துப் படலை தாண்டியதும் படுத்துவிட்டது,
சாக்குமூட்டை மாதிரி.

நேற்று, வைகாசி பத்தொன்பது.
மழை இல்லை, ரோட்டில் மாடும் இல்லை.
நாலு பத்துக்கு அந்த இருமல்
படலைக்கு நேரே வந்து மெதுவானது.

அகப்பையோடு நின்றாள் தவநேசம்.
அனிஸ்டஸ் ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினார்.
மற்ற முப்பத்தேழும் குரைத்தன.
செம்மண் குரைக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை.
இருந்தது.
இரு என்று ஆரோ சொன்ன மாதிரி, நேராக.

மறுகா கியர் மாறுகிற சத்தம்.

கை கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்தேன்.
மூன்று மாதமாக ஒன்றும் எழுதாத அந்த ஒடுங்கிய நிரலில்
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
வேகம் குறைந்தது, என்று எழுதித்
திகதி போட்டேன்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த அனிஸ்டஸ்
நேரத்தையும் போடச் சொன்னார்.