ரெண்டு விசில்

ஒரு விசில் என்றால் நில்.
ரெண்டு என்றால் போ.
பத்தொன்பது வருஷமாக இதைத்தான் ஊதினேன்
சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம்
அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி ஊதினால்
காற்று மூக்கு வழியே போனது.
உதடு விசிலைப் பிடிக்கவில்லை.
தகரத்தைத் தட்டினேன்.
அர்த்தநாரி கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு
வண்டியை எடுத்தார்.

அப்புறம் இடது இமை.
காலையில் கோரிமேட்டில் ஒழுங்காகத்தான் இருக்கும்.
மதியம் மேலே போய்ச் சேர்வதற்குள்
பாதி ஷட்டர் இறக்கிய கடை.
கடைசி டிரிப்பில் ஒவ்வொரு வளைவும் ரெண்டு,
ஒவ்வொரு ஆளும் ரெண்டு.
நீட்டுகிற நோட்டில் எது நிஜமென்று
தொட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.
தட்டுவடை செட் வாங்கினால் மூணாவது கடிக்கு
தாடைக்குக் கையால் முட்டுக் கொடுக்கணும்.

"குடித்துவிட்டு உளறுகிறார்,
சில்லறை கேட்டால் முறைக்கிறார்"
என்று ஒரு டூரிஸ்ட் எழுதிப் போட்டார்.
நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.
சிரிப்பு முகத்துக்கு வந்து சேரவில்லை.
டிப்போவில் மெஷினை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள்.
அதையும் ஊத முடியவில்லை.
ஊத மறுத்ததாக மெமோ.

கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி கொடுத்தார்கள்.
இன்னொருத்தர் தூக்க மாத்திரை.
செண்பகவல்லி சுற்றிப் போட்டுப் பூசணி உடைத்தாள்,
எட்டிப் பார்க்கக் கழுத்து நிமிரவில்லை.

மெமோவுக்குப் பதில் சொல்ல மூணு நாள் பாக்கி இருக்கையில்
அஸ்தம்பட்டியில் மாடியேறி
நரம்பு டாக்டர் யூனிஸ் பிரபா முன்னால் உட்கார்ந்தேன்.
"காலையில் எப்படி, சாயங்காலம் எப்படி?"
முதல் கேள்வியே அதுதான்.
ஒன்பது மாசத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

விரலை உயர்த்தி, மேலே பாருங்கள் என்றார்.
பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.
யாரும் தொடாமல் இமை இறங்கியது.
ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்.
எனக்கு எண்ணத் தெரிந்தது இருபது வளைவு.
ஒன்று, ரெண்டு என்று ஏறினேன்.
பதினாலில் மூச்சு தீர்ந்தது.
அந்த வளைவில் எப்போதும் குரங்குகள் உட்கார்ந்திருக்கும்.

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து
கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு முடிந்து
மூடிய இமைமேல் வைத்தார். ரெண்டு நிமிஷம்.
கன்னத்தில் வழிந்ததை
அழுகிறேன் என்று நினைத்து செண்பகவல்லி துடைத்தாள்.
எடுத்தார். திறங்கள்.
திறந்தேன், முழுசாக.
"இது இவருடைய பழைய கண்ணுங்க" என்றாள் டாக்டரிடம்,
தொலைந்த பாத்திரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில்
அடையாளம் காட்டுவது மாதிரி.

மயஸ்தீனியா என்றார் டாக்டர்.
நரம்பு ஊதுவதெல்லாம் சரியாகத்தான் ஊதுகிறதாம்.
தசையின் காதை என் ரத்தமே அடைக்கிறதாம்.
வெளியிலிருந்து வந்த கிருமி இல்லையா?
இல்லை, உங்கள் ஆட்கள்தான்.
காவலுக்கு வைத்தவர்கள் ஆள்மாறிப் பிடிக்கிறார்கள்.
எனக்கு அர்த்தநாரி ஞாபகம் வந்தது,
ஸ்டீரிங்கைப் பிடித்தபடி
கேட்காத விசிலுக்குக் காத்துக்கொண்டு.

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை.
ரத்தம் வெளியூருக்குப் போகும்.
நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன்.
மூச்சு முட்டினால், நடுராத்திரியானாலும்,
விடியட்டும் என்று இருக்கக் கூடாது.
"குணமாயிடுமாங்க?"
"கட்டுக்குள் வரும்" என்றார்.
குணம் என்ற சொல்லை அவர் தொடவில்லை.

இன்னொரு தாள் கேட்டேன்.
எதற்கு?
நான் குடிக்கவில்லை என்று எழுத.
பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
லெட்டர்பேடில் தமிழிலேயே எழுதினார்.
முத்திரையை ரெண்டு தடவை குத்தினார்,
முதல் தடவை சரியாக விழவில்லை.

கீழே கரும்புச்சாறு கடையில் தண்ணீர் வாங்கி
முதல் மாத்திரையை விழுங்கினேன்.
முக்கால் மணி கழித்து, புது பஸ் ஸ்டாண்டில்,
சட்டைப்பையில் விசிலைத் தடவிப் பார்த்தேன்.
உதடு குவிந்தது.
ஊதவில்லை.
ஊதினால் யாராவது வண்டியை எடுத்துவிடுவார்கள்.