பதினான்காம் கட்டம்

பதவி உயர்வுப் படிவத்தின் பதினான்காம் கட்டம் கேட்கிறது:
2007 முதல் 2010 வரை
வெளியீடு எதுவும் இல்லாமைக்குக் காரணம்.

அரை அங்குல இடம் விட்டிருக்கிறார்கள்.

பல்லுக் கிடுகிடுக்கப் படித்ததை
மேலேயே எழுதிவிட்டேன்:
வொரோனேஷ், 1985, ருஷ்ய மொழியும் இலக்கியமும்.
நடந்து போக ஒரு வினை,
வண்டியில் போக வேறொன்று,
போய்த் திரும்புவதற்கு இன்னொன்று.
முதலாம் தவணை முழுக்கச் சிவப்பு மை.
எங்களுக்கேன் இத்தனை,
"போட்டு வாறன்" ஒன்று காணாதா என்று
விடுதிச் சமையலறையில் சிரித்தோம்
நானும் கமலாகரனும்.
அவன் அங்கேயே நின்றுவிட்டான். கம்பளித் தொப்பி விற்கிறான்.

கிளிநொச்சியிலிருந்து தருமபுரம்,
பிறகு விசுவமடு, பிறகு சுதந்திரபுரம்.
லாண்ட்மாஸ்டரில்,
சைக்கிளை உருட்டி,
கடைசியில் வெறுங்காலால்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் வினை இருந்தது.
திரும்புவதற்கானதை மட்டும் பாவிக்கவில்லை.

யூரியாப் பையில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரு நாவலின் தமிழ்.
பங்கருக்கு மண்மூட்டை காணாதென்றார்கள்.
கொடுத்தேன்.
நனைந்த கடதாசி நல்லாய்த் தாங்கும்,
இதை எந்த ஆய்வரங்கிலும் நான் வாசித்ததில்லை.

இப்போது படிப்பிப்பது ஊடகவியல்.
திங்கட்கிழமை
தலைப்புச் செய்திகளில் எழுவாய் தேடும் பயிற்சி.
"காணாமல் போனோர்" என்று வாசித்தான் யதுர்சன்.
பின்வாங்கில் டிலோஜினி எழும்பினாள்.
"போகேல்லை மிஸ். ஆக்கப்பட்டவை."
அவளுடைய தாய் ஏ ஒன்பது வீதியோரக் கொட்டகையில்
மகனின் படத்தோடு எத்தனையாம் நாளோ.
ஆக்கினது ஆர் என்று யதுர்சன் கேட்டான்,
பயிற்சியின்படி சரியாகத்தான் கேட்டான்.
மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் கிடந்தது.
நான் பலகையைத் துடைத்தேன்.

ருஷ்ய மொழியில் போரில் இப்படியானவர்களை
"செய்தியின்றித் தொலைந்தவர்" என்பார்கள்.
அந்த நாவலிலும் வரும், இருநூற்றுப் பதினோராம் பக்கம்:
தபால்காரி கடதாசியை நீட்டுவாள்,
கையில் மாவோடு ஒருத்தி வாங்குவாள்.
நான் அதைக் "காணாமல் போனார்" என்று பெயர்த்திருந்தேன்.
வாய்க்கு லேசாக வந்தது, எழுதிவிட்டேன்.
போனார். தானாக எழும்பிச் செருப்புப் போட்டுப்
போனது போல.

பிழை எங்கேயென்று இப்போது தெரியும்.
திருத்த அந்தப் பக்கம் இல்லை.
சுதந்திரபுரத்தில் மண்ணுக்குள்,
யாருடையதோ தலைமாட்டில்.

கட்டத்துக்குள் எழுதினேன்: செய்தி இல்லை.

பதிவாளர் பகுதி
ஆதாரத்தை இணைக்கும்படி
திருப்பி அனுப்பியிருக்கிறது.