மறுகா

எட்மன்டனிலிருந்து தம்பி படிவம் அனுப்பியிருக்கிறான்.
கணையத்தில் கட்டி. ஆவணி தாண்டாதாம்.
எரிக்கமாட்டார்களாம், புதைக்கமாட்டார்களாம்,
இரத்தத்தை இறக்கி மருந்தை ஏற்றி
உருக்குத் தாழிக்குள் தலைகீழாய் நிறுத்திவைப்பார்களாம்,
அவன் நோய்க்கு மருந்து வருகிற காலம்வரை.
"ஆட்சேபனை இல்லையெண்டு
ஒரு கையெழுத்து, அக்கா."

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
பதினாறு வருஷமாய் ஐஸ் கணக்கு எழுதுகிறவள் நான்.
அந்த வாயால்தான் கேட்டேன்.
கரண்ட் போனால்?
கரண்டே வேண்டாமாம், நைதரசன் ஊற்றிக்கொண்டிருந்தால் போதுமாம்.
ஊற்றுகிறவனுக்கு முந்நூறு வருஷச் சம்பளம்?
காப்புறுதிக் காசாம்.
ஒருக்கா இளகி மறுகா இறுகின சூரையை
எந்த முதலாளியும் எடுக்கமாட்டான், தெரியுமாடா?
சிரித்தான்.
சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

ஐஸ் கட்டி வெளியிலிருந்துதான் உறையும்.
நடு கடைசி.
தப்பிக்க வழியில்லாத காற்று
அங்கே வெள்ளையாய் நிற்கும், வாழைத்தண்டு மாதிரி.
உனக்குள் கடைசியாய் உறையப்போவது எது?
இதைக் கேட்கவில்லை.

கேட்காதது இன்னொன்றும் உண்டு.
வேலைக்கென்று போன பேரின்பராசாவின்
சைக்கிள் மட்டும் சந்தியில் கிடந்தது.
இருபது வருஷம் கழித்து
மரண அத்தாட்சியோடு வந்தவர்களிடம்
நான் பேனையை வாங்கவில்லை.
அன்று போனில் கத்தினவன் நீ:
"போனவர் போனவர்தான். அத்தாரை விடு, காசை எடு."
நான் விடவில்லை.
வாக்காளர் படிவம் வரும்போதெல்லாம்
அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
கிராம சேவகர் வெட்டுவார். அடுத்த வருஷம் எழுதுவேன்,
ஒரு வயது கூட்டி.
இந்த வருஷம் அறுபத்தொன்பது.
உன்னுடைய தாழியில் யாருக்கும் வயதேறாதாமே.

கையெழுத்து வைத்தேன்.
சாட்சிக்கு கிரேன் ஓட்டுகிற அசனார்லெப்பை.
வாசித்துக் காட்டச் சொல்லி, கேட்டு,
கனநேரம் தாடியைத் தடவினார்.
"மறுமைக்கு எழும்பச் சொல்லிக் கூப்பிட்டா
தலகீழா நிக்கிறவருக்கு விளங்குமா, தங்கச்சி?"
எனக்கு என்ன தெரியும்.
பெருவிரல் மையை ஐஸ் தண்ணீரில் கழுவினார்.

நேற்று அவன் கேட்டது வேறு.
பெட்டியொன்று தருவார்களாம், எழும்புகிற நாளுக்கு.
வீட்டுப் படம், தேர்ச்சிப் பத்திரம், எல்லாம் போட்டாயிற்றாம்.
"எழும்பேக்க நம்மட கதை கதைக்க
ஒருத்தரும் இருக்கமாட்டினம், அக்கா.
உன்ர குரலில ஏதாவது."

ராத்திரி, கொம்பிறசர் இரைச்சலுக்குள்,
போனை வாயோடு வைத்துக்கொண்டு நின்றேன்.
நான்கு சொல்லுக்குமேல் வரவில்லை.
அந்த நேரம் பார்த்து ஒரு படகு
ஐஸுக்கு வந்து அணைந்தது,
இருபது நாள் பயணம், எண்பது கட்டி.
போனை நிறுத்த மறந்துபோனேன்.

அழிக்காமல் அனுப்பியிருக்கிறேன்.
அதில் இருப்பது இவ்வளவுதான்:

மனே, எழும்பிற்றியா? குளிருதா?

நாப்பத்தொண்டு.
நாப்பத்திரெண்டு.
ஒடைஞ்சதத் தள்ளுங்க, அசனார்.
மறுகா,
நாப்பத்திரெண்டு.